கைய அமுக்கினா தலைவலி குறையுமா? என் அனுபவம்

அம்மாவுக்கு அடிக்கடி தலைவலி வருது, மாத்திரை போட பயப்படுறாங்க, கைல பாயின்ட் பாத்து அமுக்கினா நிஜமாவே குறையுமான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு குறைஞ்சிருக்கு. ஆனா எந்த தலைவலிக்குன்றதுலதான் விஷயமே இருக்கு, அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைல வீட்லயே பிளவுஸ் தைக்கிறேன். எம்.சி. ரோட்ல புடவை எடுத்துட்டு அப்படியே நம்மகிட்ட தைக்க குடுத்துட்டு போறவங்க நிறைய, தீபாவளி டைம்ல ராத்திரி 1 மணி வரைக்கும் மிஷின் ஓடும். ரெண்டு வருஷம் முன்னாடி அப்படி ஒரு சீசன்ல மத்தியானம் ஆனா போதும், நெத்திய சுத்தி கயிறு கட்டி இறுக்குற மாதிரி வலி. மாடி வீட்டு அக்காவுக்கு சொந்த ஊரே காசிமேடு, அவங்க பாத்துட்டு "இன்னாடி தலைய புட்ச்சிக்கினு கீற, கைய குடு"ன்னு வாங்கி அமுக்கினாங்க பாருங்க, உயிரே போச்சு, ஆனா அஞ்சு நிமிஷத்துல நெத்தி லேசாச்சு.

எடம் எதுன்னா, கட்டைவிரல ஆள்காட்டி விரலோட ஒட்டி வெச்சா நடுவுல சதை மேடா எழும்பும்ல, அந்த மேட்டோட உச்சி. இப்ப விரல தளர விட்டுட்டு, இன்னொரு கையோட கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் அடியில வெச்சு, ஆள்காட்டி விரல் எலும்பு பக்கமா சாய்ச்சு அமுக்கணும். சரியான எடம்னா சுள்ளுனு ஒரு வலி தெரியும். ஒரு நிமிஷம் புடிச்சு மூச்ச மெதுவா விடுங்க, அப்புறம் அடுத்த கை, இப்படி ரெண்டு மூணு தடவ. மாசமா இருக்குறவங்களுக்கு மட்டும் இந்த எடத்த தொடாதீங்க, அக்குபிரஷர் பண்றவங்களே வேணாம்னுதான் சொல்வாங்க.

ஆமா, இது அக்குபிரஷர், சீனாக்காரங்க வழி. ரிஃப்ளெக்ஸாலஜி வேற, கை கால்ல ஒவ்வொரு எடமும் உடம்புல ஒரு பாகத்துக்குன்னு வெச்சு அமுக்குறது. அதுல கட்டைவிரல் நுனிதான் தலை, அத நகத்துக்கு கீழேந்து உருட்டி உருட்டி அமுக்குவாங்க. அமெரிக்காவுல ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் உடம்ப 10 பாகமா பிரிச்சு 1917ல புக்கு போட்டார், அதுலேந்து வளந்தது. விரல் நுனிலேந்து தலைக்கு அப்படி தனி லைன் ஓடுறதா உடற்கூறு படிப்புல கெடையாது. எனக்கு தோணுறது, கண்ண மூடி உக்காந்து தோளையும் கழுத்தையும் தளர விடுறோம்ல, டென்ஷன் தலைவலிக்கு அதுவே பாதி மருந்து.

இப்ப முக்கியமானது. தெனமும் அமுக்க ஆரம்பிச்சப்புறம்தான் ஒண்ணு கவனிச்சேன், கருப்பு, அரக்கு, நேவி ப்ளூ பிளவுஸ் தைக்கிற அன்னைக்குத்தான் கை தேடி போகுது. மஞ்சள், வெள்ளை தைக்கிற அன்னைக்கு வலியே இல்ல. கருப்பு துணில கருப்பு நூல், அந்த தையல் கண்ணுக்கு தெரியாம குனிஞ்சு குனிஞ்சு பாத்திருக்கேன். எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு போனேன், கிட்ட இருக்குறத பாக்குறதுக்கு கண்ணாடி எழுதி குடுத்தாங்க, எனக்கு வயசு 42. கண்ணாடி போட்ட மாசத்துலயே மத்தியான வலி போயிடுச்சு. இப்பவும் வேலை ஜாஸ்தியான அன்னைக்கு அமுக்குவேன், அது வேற.

அதனால அம்மாவுக்கு இன்னைக்கு நைட்டே அமுக்கி விடுங்க, அதோட ஒரு நோட்டுல எப்ப வலி வந்துச்சு, என்ன சாப்ட்டாங்க, எவ்ளோ தூங்குனாங்கன்னு ரெண்டு வாரம் எழுதுங்க. பிபி பாத்துடுங்க, கண்ணும் பாத்துடுங்க. மாத்திரைய பத்தி அவங்க பயம் முழுசா தப்பும் இல்ல, சாதா வலி மாத்திரையவே மாசத்துல 15 நாளும் அதுக்கு மேலயும்னு மாசக்கணக்கா போட்டா மாத்திரையாலயே தலைவலி வரும், ஆனா டாக்டர் பாத்து எழுதி குடுத்தத நிறுத்தாதீங்க.

திடீர்னு இடி விழுந்த மாதிரி வலி, காய்ச்சலோட கழுத்து மடங்காம இருக்குறது, வாய் கோணுறது, பேச்சு குளறுறது, ஒரு பக்கம் கை கால் தூக்க முடியாம போறது, தலைல அடிபட்டப்புறம் வலி, இதுல எது வந்தாலும் கைய அமுக்கிட்டு உக்காராதீங்க, உடனே 108க்கு போன் போடுங்க. நம்ம பக்கம்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரி கிட்டதான், ராத்திரினாலும் கெளம்பிடுங்க.