காகிதப் பையில் வந்த பிராணிகள்

அன்புள்ள ஐயா,

பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தவறாமல் படித்துவருகிறேன். என் ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரை, 1970 முதல் 1974 வரை, நாங்கள் அமெரிக்காவில் இருந்தோம். அப்பா அங்கே ஆராய்ச்சி மாணவர். பக்கத்து வீட்டுப் பையன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன். ஒருநாள் தன் பொம்மைகளை எல்லாம் ஒரு காகிதப் பையில் அள்ளிப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டான். அதில் மார்க்ஸ் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனத்தின் பூத உருவங்கள் மூன்று இருந்தன: மம்மி, ஓநாய் மனிதன், செதில் உடம்புள்ள நீர்ப்பிராணி. கூடவே சில குகை மனிதர்கள், தகர வீட்டின் ஒற்றைச் சுவர், வால் நுனியில் காற்றாடி போல ஏதோ இருந்த ஒரு விலங்கு, இன்னும் சில. நாடு திரும்பும்போது பெட்டியின் எடை கூடுகிறது என்று எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

பணி ஓய்வுக்குப் பிறகு தேடத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகளில் மார்க்ஸின் ஆறு உருவங்களையும் வாங்கிவிட்டேன். கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. நல்ல நிலையில் உள்ளவை. ஆனால் கையில் எடுத்தால் மனத்தில் ஒன்றும் அசைவதில்லை. ‘இது என்னுடையது இல்லையே’ என்ற எண்ணம்தான் வருகிறது. அடுத்து வாங்குவதற்கு ஆரோரா நிறுவனத்தின் ஒட்டிச் சேர்க்கும் பூத மாதிரிப் பெட்டிகள், மெகோ நிறுவனத்தின் பொம்மைக் கோட்டை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். தொடர்வதா, நிறுத்திவிடுவதா?

இரண்டு சிறிய சந்தேகங்கள். பொம்மையில் 1963 என்று பொறித்திருந்தால் அது அசல் என்று நம்பலாமா? தனியாக வாங்கிய ஒரு மென்மையான பல்லி பொம்மை பிசுபிசுக்கிறது. கழுவலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அந்த ஆறு உருவங்களுக்குக் கடிதத்தில் நிறைய இடம் கொடுத்திருக்கிறீர்கள். காற்றாடி வாலுக்குக் கிடைத்தது அரை வரி. நான் அந்த அரை வரியிலிருந்து தொடங்குகிறேன். அதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

அமெரிக்காவின் மலிவுவிலைக் கடைகளில் அந்நாட்களில் ஹாங்காங்கிலிருந்து வந்த பிளாஸ்டிக் விலங்குகள் பைகளில் அடைத்து விற்கப்பட்டன. பையின்மேல் வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கும். உள்ளே இருந்தவற்றில் பாதி எந்த வரலாற்றிலும் இல்லாதவை. ஆமையா சுறாவா என்று சொல்ல முடியாத ஒன்று, கரடியின் உடம்பில் அலகு முளைத்த ஒன்று, பூச்சி போன்ற உடம்பும் காற்றாடி வாலும் கொண்ட ஒன்று. யார் செதுக்கினார்கள், எதைப் பார்த்துச் செதுக்கினார்கள் என்று உறுதியாகத் தெரியவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸ், 1970-களின் தொடக்கத்தில், மேசைமேல் நடத்தும் கற்பனைப் போர்களுக்காக விதிகள் எழுதிக்கொண்டிருந்தார். வீரர்களுக்குச் சிறிய உலோகச் சிலைகள் கிடைத்தன. பூதங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் வாங்கியது இப்படி ஒரு பையைத்தான். அந்த விதிகளிலிருந்து வளர்ந்து 1974-இல் வெளியான, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பின்னிணைப்பாக 1975-இல் வந்த நூலில் அந்தக் காற்றாடி வால் விலங்குக்குப் பெயரும் குணமும் கிடைத்தன. இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’. அலகுக் கரடி அதே நூலில் ‘அவுல்பேர்’ ஆனது. மறு ஆண்டு ஆமைச் சுறா ‘புலெட்’ என்ற பெயரில் ஒரு பத்திரிகையில் வந்தது. இன்றுவரை உலகம் முழுவதும் ஆடுகிறவர்கள் இந்த மூன்றிடமும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்களுடைய விலங்கு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

மார்க்ஸின் ஆறு உருவங்களின் கதை நேர்மாறானது. அவை பெயரோடும் உரிமத்தோடும் பிறந்தவை. யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய திகில் படங்கள் 1957-இல் மொத்தமாகத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன. தாத்தா காலத்துப் பூதங்கள் ஒரே பருவத்தில் வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டன. குழந்தைகள் விடவில்லை. 1961-இல் ஆரோரா நிறுவனம் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தை ஒட்டிச் சேர்க்கும் மாதிரியாகக் கொண்டுவந்தது. பசையும் பொறுமையும் வண்ணமும் தேவைப்பட்ட பொம்மை அது. 1963-இல் மார்க்ஸ் செய்தது எளிய வேலை. ஏறக்குறைய ஆறு அங்குலம், ஒரே நிறம், பூச்சு கிடையாது, ஒட்ட வேண்டியதில்லை, கீழே போட்டால் உடையாது. ஃபிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன், மம்மி, நீர்ப்பிராணி, ஓபரா அரங்கின் முகமூடி மனிதன், நோட்ர டாம் கூனன் என்று ஆறு பேர். டிராகுலா கிடையாது! பூதங்களின் அரசனே இல்லாத பூதப்படை. டிராகுலா வேண்டும் என்று ஏங்கிய பையன் வேறு யாரையாவது அந்த வேடத்துக்கு நியமித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு முன்னால் அந்தப் பையை வைத்திருந்தவனும் குகை மனிதர்களில் ஒருவனை அப்படி நியமித்திருக்கலாம்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது அவனைப் பற்றித்தான். ‘இது என்னுடையது இல்லையே’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1970-களில் உங்கள் கைக்கு வந்தபோதும் அவை உங்களுடையவையாக இருக்கவில்லையே! அந்தப் பையனுக்கு 1963-இல் ஐந்தாறு வயது இருந்திருக்கும். மம்மியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவன் அவன். ஓநாய் மனிதனின் விரலைக் கடித்தவன் அவன். தகர வீட்டின் மற்ற மூன்று சுவர்களைத் தொலைத்தவனும் அவனாகத்தான் இருக்கும். நீங்கள் வாங்கிக்கொண்டது இன்னொருவன் ஆடி முடித்த ஆட்டத்தின் மிச்சத்தை. அதை வைத்து நாடு திரும்பும்வரை நீங்கள் ஆடினீர்கள். அதனால் உங்களுடையது ஆனது. அலமாரியில் நிற்கும் ஆறையும் நீங்கள் இன்னும் ஆடவே இல்லை.

என்னிடம் ஒரு மம்மி இருக்கிறது. வாங்கியபோது உடம்பைச் சுற்றிய கட்டுத்துணியின் ஒவ்வொரு மடிப்பிலும் கறுப்பாக அழுக்கு இறங்கியிருந்தது. வலது உள்ளங்காலுக்கு மேலே பேனா மையில் ஒரு கோடு. வந்த அன்றே சோப்பு நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். கிண்ணத்து நீர் பழுப்பாக மாறியது. பொம்மை பளிச்சென்று வந்தது. துடைத்து மேசைமேல் நிறுத்திய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு முற்றத்தில் ஒரு குழந்தை அதை மண்ணில் புதைத்து எடுத்திருக்கிறது. மம்மியை வேறு என்ன செய்வார்கள், புதைக்கத்தானே வேண்டும்! அந்த மண்ணைத்தான் நான் சாக்கடையில் ஊற்றியிருந்தேன். பேனாக் கோடு மட்டும் போகவில்லை. அது போகாமல் இருந்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அதன்பிறகு எந்தப் பொம்மையின் மடிப்பையும் நான் தேய்ப்பதில்லை.

ஆகவே தொடருங்கள். ஆனால் பட்டியலைக் கிழித்துவிடுங்கள். ஆரோராவின் பெட்டிகள் அழகானவை. ஜேம்ஸ் பாமா வரைந்த மூடிப் படங்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உங்கள் காகிதப் பையில் ஆரோரா இல்லை. மெகோவின் கோட்டை 1970-களின் நடுவில் வந்தது. அட்டையின்மேல் வினைல் தாள் போர்த்தியது, மடிக்கும் இடங்களில் கிழிந்துகொண்டே போகும். அது வெளிவந்த காலத்தில் நீங்கள் விமானம் ஏறிக்கொண்டிருந்தீர்கள். ஏதோ ஒரு விலைப்பட்டியல் புத்தகம் ‘முழுத் தொகுதி’ என்று சொல்வதைத் தேடி உங்கள் ஓய்வூதியத்தைக் கொட்டாதீர்கள். உங்கள் தொகுதியில் மூன்று பூதங்கள், சில குகை மனிதர்கள், ஒற்றைத் தகரச் சுவர், ஒரு காற்றாடி வால். அந்தத் தொகுதியை எந்த நிறுவனமும் விற்றதில்லை. அதைத் திரட்ட உங்களால் மட்டும்தான் முடியும். ‘இன்னும் சில’ என்று முடித்துவிட்டீர்களே, அந்தச் சிலவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

குகை மனிதர்கள் கிடைப்பது கடினமில்லை. மார்க்ஸின் வரலாற்றுக்கு முந்தைய பிளேசெட்டில் டைனோசர்களோடு வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பிளேசெட் என்றால் ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் ஒரு முழு உலகம். அச்சிட்ட தகரத்தில் கட்டடம், பிளாஸ்டிக்கில் மரமும் வேலியும், ஒரே நிலையில் நிற்கும் ஆட்கள் பல பிரதிகளாக. பெட்டி முழுசாகக் கிடைத்தால் விலை எக்கச்சக்கம். உதிரியாகக் கிடைத்தால் யாரும் மதிப்பதில்லை. உதிரியாகவே வாங்குங்கள். தகரச் சுவரும் அப்படித்தான். நான்கு சுவரும் கூரையும் உள்ளதைத் தேடுகிறவர்கள் ஒற்றைச் சுவரைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

வந்ததும் எல்லாவற்றையும் கலந்து வையுங்கள். ஆறு அங்குல மம்மிக்குப் பக்கத்தில் அதைவிடச் சிறிய குகை மனிதன் நிற்கட்டும். அளவு பொருந்தவில்லை என்று எந்தக் குழந்தையும் விளையாட்டை நிறுத்தியதில்லை. கலக்கக் கூடாது என்று நான் ஒதுக்கி வைத்திருப்பது ஒன்றே ஒன்று. 1990-இல் மேட்ச்பாக்ஸ் நிறுவனம் சட்டைப் பைக்குள் அடங்கும் 48 பூதங்களை வெளியிட்டது. அந்த வரிசையில் காளியையும் ஒரு பூதமாகச் சேர்த்திருந்தார்கள். இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது நியாயமான கோபம் என்பதே என் கருத்து. கும்பிடப்படும் ஒரு தெய்வத்துக்கும் திரைக்காக உருவாக்கிய பூதத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் செய்த தவறு அது. ஒரு பழைய பொட்டலத்தில் என்னிடம் வந்து சேர்ந்த அந்தக் குட்டிக் காளியை பூதங்களோடு வைக்க எனக்கு மனம் வரவில்லை. மேசை விளக்கின் அடியில் தனியாக இருக்கிறாள்.

உங்கள் சந்தேகங்களுக்கு வருகிறேன். 1963 என்ற எண் மட்டும் போதாது. அந்த எண் எஃகு அச்சில் வெட்டப்பட்டது. அதே அச்சில் எத்தனை ஆண்டு கழித்து வார்த்தாலும் அதே எண்தான் வரும். மார்க்ஸ் நிறுவனம் 1972-இல் குவேக்கர் ஓட்ஸுக்கு விற்கப்பட்டு, பின்பு மறுபடியும் கைமாறி, 1980-இல் நொடித்துப் போனது. அச்சுகள் வேறு கைகளுக்குச் சென்றன. பிற்காலத்தில் அவற்றிலிருந்து மறுபடியும் வார்த்தார்கள். பழையது பக்கத்தில் இருந்தால் பளபளப்பிலும் நிறத்திலும் பிளாஸ்டிக்கின் இறுக்கத்திலும் வேறுபாடு தெரியும். போலி வேறு வகை. அச்சு கையில் இல்லாதவர்கள் பொம்மையையே வைத்துப் புதிய அச்சு எடுப்பார்கள். பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்குவதால் அப்படிப் பிறப்பது தாய்ப் பொம்மையைவிட ஒரு பொட்டு சிறியதாக இருக்கும். செதிலின் விளிம்பும் கட்டுத்துணியின் மடிப்பும் மழுங்கியிருக்கும். ஆகவே அளவுகோலையும் விரல் நுனியையும் நம்புங்கள். மறுவார்ப்பை மறுவார்ப்பு என்று சொல்லி விற்கிறவரிடம் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. அசல் என்று ஏமாற்றி விற்பதுதான் அயோக்கியத்தனம்.

பல்லி விஷயம் கொஞ்சம் அவசரம். அது மென் வினைல், அதாவது பி.வி.சி. வளைந்துகொடுப்பதற்காக அதில் ஒருவகை எண்ணெய்ப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். ஆண்டுகள் போகப் போக அது வெளியே கசியும். அதுதான் பிசுபிசுப்பு. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டுக் கையால் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். சில மாதங்களில் மீண்டும் கசியும், மீண்டும் கழுவ வேண்டியதுதான். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். இதைவிட முக்கியமானது, அந்தப் பல்லியைக் கடின பிளாஸ்டிக் பொம்மைகளோடு ஒட்டி வைக்காதீர்கள். கசியும் எண்ணெய் பாலிஸ்டைரீனை மெல்ல உருக்கித் தழும்பு போட்டுவிடும். என்னிடம் ஒரு வேலித் துண்டில் பல்லியின் நான்கு கால் தடமும் அப்படியே பதிந்திருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேலிக்கு அது நல்லதில்லை.

மார்க்ஸ் பூதங்கள் பாலிஎத்திலீன். அவை கசியாது. வெயில்தான் அவற்றுக்கு எமன். ஜன்னல் ஓரத்தில் ஆண்டுக்கணக்கில் நின்ற உருவத்தின் கை சருகு போல ஒடிந்துவிடும். உங்கள் கண்ணாடி அலமாரி ஜன்னலைப் பார்த்திருந்தால் இன்றே திருப்பிவிடுங்கள். கால் வளைந்து நிற்க முடியாமல் சாய்ந்தால், சூடான நீரில் சற்று நேரம் வைத்து, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள், நின்றுவிடும். தகரச் சுவருக்கு நீரே ஆகாது. கீறல் வழியாகத் துரு புகுந்துவிடும். உலர்ந்த மென்துணி மட்டும்.

துரு என்றதும் காற்றாடி வால் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. தேடும்போது விற்பவர்கள் அதன் விளையாட்டுப் பெயரைச் சொல்லி அதிக விலை கேட்பார்கள். பெயர் தெரியாமல், கலவையான பிளாஸ்டிக் டைனோசர்கள் என்று மொத்தமாகப் போட்டு விற்கும் பொட்டலங்களைத் துழாவுங்கள், அங்கேதான் மலிவாகக் கிடைக்கும். வால் ஒடிந்ததாக இருந்தாலும் விடாதீர்கள். நீங்கள் அதை வைத்து விளையாடிய நாட்களில் கைகாக்ஸின் பெயர் உங்கள் காதுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே நீங்களே ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.