கீறலுக்கு க்ளெய்ம் போடலாமா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்களின் கார் இன்சூரன்ஸ் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த வேன் என் காரில் இடித்துவிட்டது. பின்பம்பர் கிழிந்து, ஒரு டெயில் லேம்ப் உடைந்து, டிக்கி கதவு லேசாக உள்வாங்கியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் வரியோடு ரூ.14,200 எஸ்டிமேட் கொடுத்தார்கள். 1200 சிசி கார், ஐந்தாவது வருட பாலிசி, நோ க்ளெய்ம் போனஸ் 45 சதவீதம். தப்பு என் மேல் இல்லையே, க்ளெய்ம் போட்டாலும் போனஸ் போகுமா? – வாசகர், காட்பாடி

போகும். போனஸ் என்பது க்ளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி. தப்பு யார் மேல் என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. உங்கள் பாலிசியிலிருந்து ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான) பணம் வாங்கினால், அடுத்த புதுப்பித்தலில் போனஸ் பூஜ்யம். வேன்காரரின் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கான) பாலிசியில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு எஃப்.ஐ.ஆர்., விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும். பதினாலாயிரத்துக்கு யாரும் அதைச் செய்வதில்லை. வேன் உரிமையாளரே ஷெட் பில்லைக் கட்டச் சம்மதித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு அதே சேதத்துக்கு இன்சூரன்ஸில் கை வைக்கக் கூடாது.

அவர் கைவிரித்துவிட்டால், முதலில் எஸ்டிமேட்டில் எவ்வளவு உங்கள் கைக்கு வரும் என்று பாருங்கள். ரூ.14,200-ஐ இப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: பம்பர் 4,200, டெயில் லேம்ப் 2,800, பெயின்டிங் 5,000, டிங்கரிங்கும் மாட்டுக்கூலியும் 2,200. சொந்தச் சேதம், அடுத்தவர் இழப்பு இரண்டும் சேர்ந்த சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி ஆகியவற்றுக்கு, கார் புதிதோ பழசோ, 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஆகவே பம்பருக்கு 2,100, லேம்புக்கு 1,400. பெயின்டிங்கில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். 625 போய் 4,375 நிற்கும். கூலி முழுதாகக் கிடைக்கும். கூட்டினால் 10,075. அதிலிருந்து கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் (1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2,000). கடைசியில் வருவது 9,075. மீதி 5,125 எப்படியும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

இனி போனஸ். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறுவது அது. தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி தொகையில் ஒரு பைசா குறையாது. க்ளெய்ம் போடாவிட்டால் உங்களுக்கு அடுத்த வருடத்திலிருந்து 50 நிலையாக நிற்கும். போட்டால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். ஐந்து வருட வித்தியாசம் 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். பலரும் முதல் வருட நஷ்டத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள், அங்கேதான் கணக்கு பிசகுகிறது. போனஸ் கழிப்பதற்கு முன் உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்றால் நஷ்டம் 10,000, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 11,800. வரவு 9,075, செலவு 11,800. போடாதீர்கள்.

இந்த 11,800 உச்சக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார் பழசாக ஆக ஐ.டி.வி.யும் (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) பிரீமியமும் இறங்கும். நடுவில் பெரிய அடி பட்டு எப்படியும் ஒரு க்ளெய்ம் போட நேர்ந்தால், அதற்குப் பிந்தைய வருடங்களின் நஷ்டத்தை இன்றைய க்ளெய்ம் தலையில் கட்ட முடியாது.

ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் தேய்மானம் கழியாது. கிளிப், ஸ்க்ரூ போன்றவை போக 13,000 சொச்சம் கிடைக்கும். அப்போது இரண்டு தட்டும் ஏறக்குறைய சமம். எங்கள் கருத்தில் அப்போதும் விட்டுவிடலாம். ஜீரோ டெப்பில் வருடத்துக்கு இரண்டு க்ளெய்ம்தான் என்று பல பாலிசிகளில் வரம்பு இருக்கிறது. ஆனால் டிக்கி கதவு நேராக மூடுகிறதா, இரு பக்க இடைவெளியும் ஒரே அளவா என்று பார்த்துவிடுங்கள். பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டமோ பின்பக்கத் தகடோ வளைந்திருந்தால் பம்பரைக் கழற்றிய பின் எஸ்டிமேட் இரட்டிப்பாகலாம். அப்படியானால் க்ளெய்ம்தான் சரி. சந்தேகம் இருந்தால் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புபவர்) பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றவிடாதீர்கள்.

என் போனஸ் 20 சதவீதம்தான். எனக்கும் இதே கணக்கா? – வாசகி, ஆற்காடு

இல்லை. ஏணியில் கீழே நிற்பவருக்கு விழும் தூரம் குறைவு. இப்போது போனஸ் 0 என்றால் மொத்த நஷ்டம் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம். 20-ல் நிற்பவருக்கு 80, 25-க்கு 105, 35-க்கு 120, 45-க்கும் 50-க்கும் 125. உங்கள் பாலிசித் தாளில் போனஸ் கழிப்பதற்கு முந்தைய தொகையைத் தேடி எடுத்து, இந்தச் சதவீதத்தால் பெருக்கி, ஜி.எஸ்.டி. சேருங்கள். கைக்கு வரும் தொகை அதைவிடக் கணிசமாகக் கூடினால் மட்டும் க்ளெய்ம். க்ளெய்ம் போட்டாலும் போனஸைக் காக்கும் 'என்.சி.பி. ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், அதன் வரம்பை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இதே பாலிசி வருடத்தில் ஏற்கெனவே ஒரு க்ளெய்ம் வாங்கியிருந்தால் போனஸ் போய்விட்டது, மறுபடி போக அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சேதத்துக்குக் கட்டாயக் கழிவும் தேய்மானமும் மட்டும்தான் செலவு, சிறியதானாலும் போடலாம். அடிக்கடி க்ளெய்ம் போடுபவருக்குப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தைக் கூட்டும் கம்பெனிகளும் உண்டு, அதை மனதில் வையுங்கள். இரண்டு சம்பவங்களையும் ஒன்றாகக் காட்டிவிடலாம் என்று ஷெட்டில் யோசனை சொல்வார்கள். முன்பம்பர் அடியும் பின்கதவுக் கீறலும் ஒரே விபத்தில் வராது என்பது சர்வேயருக்குத் தெரியும். பொய் வாக்குமூலம் என்று ஆகிவிட்டால் நியாயமான பகுதியும் சேர்ந்து போகும்.

பள்ளிகொண்டா டோல் தாண்டி வரும்போது லாரியிலிருந்து கல் தெறித்து முன் கண்ணாடியில் பொட்டு விழுந்துவிட்டது. – வாசகர், ஆம்பூர்

பொட்டு சிறியதாக, ஓரத்திலிருந்து தள்ளி, டிரைவர் பார்வைக்கு நேராக இல்லாமல் இருந்தால் ரெசின் நிரப்பி நிறுத்திவிடலாம். கண்ணாடி மாற்றும் செலவில் சிறு பங்குதான் ஆகும். தள்ளிப்போடாதீர்கள். வேலூர் வெயிலில் காய்ந்த காரில் ஏறியதும் ஏ.சி.யை முழுதாக வைத்து முன் கண்ணாடிக்குத் திருப்பினால் பொட்டு கோடாக ஓடிவிடும். செய்யும்வரை பொட்டின் மேல் டேப் ஒட்டித் தண்ணீரும் தூசியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு ஓடிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது, ஜீரோ டெப் இல்லாவிட்டாலும் கட்டாயக் கழிவு போக முழு விலை வரும். சுற்றியுள்ள ரப்பருக்குப் பாதிதான். ஆனாலும் இது க்ளெய்ம்தான், போனஸ் போகும். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் கிழிந்துவிடும் என்பதால், டேக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேட்டு வாங்கிய பிறகு நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.

குடியாத்தம் ரோட்டில் என் கார் ஒரு பைக்கை உரசி, ஓட்டியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. ஐயாயிரம் கொடுத்தால் போதும் என்கிறார். என் காரில் கோடு மட்டும்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் முடித்துக்கொள்ளலாமா? – வாசகர், பேரணாம்பட்டு

காரின் கோட்டுக்கு க்ளெய்ம் வேண்டாம். ஆனால் தகவல் சொல்லுங்கள், இரண்டும் வேறு வேறு. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், காவல் நிலையத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவில் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் கடமை. அதோடு, கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எதிர்த்தரப்புக்குப் பணம் தருவதோ பொறுப்பை ஒப்புக்கொள்வதோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. இன்று சிராய்ப்பு என்றவர் அடுத்த மாதம் மூட்டுச் சவ்வு கிழிந்த ஸ்கேனோடு தீர்ப்பாயத்துக்குப் போனால், நீங்கள் சொல்லாமல் விட்டதும் கொடுத்த ஐயாயிரமும் உங்களுக்கே எதிராக நிற்கும். 'சமாதானமாகப் போய்விட்டோம்' என்று எழுதி வாங்கிய தாளை நம்பி மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஆகவே வண்டி எண்கள் தெரியும்படி, இடம் தெரியும்படி படம், ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீது, அன்றைக்கே கம்பெனிக்கு ஒரு மெயில். ஓன் டேமேஜ் கேட்கவில்லை, தகவலுக்காக மட்டும் என்று அதில் எழுதினால் உங்கள் போனஸ் குறையாது.

கல்லில் அடி தட்டி ஆயில் சொட்டியது. மெதுவாக வாலாஜா வரை ஓட்டி வந்துவிட்டேன், இப்போது இன்ஜின் சிக்கிக்கொண்டது. க்ளெய்ம் கிடைக்குமா? – வாசகர், சோளிங்கர்

ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கிடைக்கும். இன்ஜினுக்குக் கிடைப்பது கடினம். சம்ப் உடைந்தது விபத்து. ஆயில் இல்லாமல் ஓட்டியதால் பேரிங் தேய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொண்டது அதன் பின்விளைவு, சாதாரண பாலிசி அதை விலக்கி வைத்திருக்கிறது. இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு வாங்கியிருந்தால் அதன் வாசகத்தைப் பாருங்கள். அதிலும், தெரிந்தே ஓட்டினாரா என்ற கேள்வி வரும். மற்றவர்களுக்கு: அடியில் தட்டிய சத்தம் கேட்டதும் ஓரம்கட்டி, கீழே குனிந்து பாருங்கள். சொட்டினால் அல்லது ஆயில் விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள். சம்ப் சில ஆயிரம், இன்ஜின் லட்சத்தைத் தொடும்.

சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். இப்போது க்ளெய்ம் வேண்டாம் என்று தோன்றுகிறது. போனஸ் போய்விட்டதா? – வாசகி, சத்துவாச்சாரி

பணம் வாங்கும்வரை திரும்பலாம். க்ளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு 'திரும்பப் பெறுகிறேன்' என்று மெயில் அனுப்பி, பணம் வழங்காமல் மூடிவிட்டதாகப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லிவிட்டு விட்டால் கம்ப்யூட்டரில் அது நிலுவை என்றே நிற்கும், புதுப்பிக்கும்போது போனஸ் பூஜ்யமாக வரும்.

க்ளெய்ம் வாங்கியதைச் சொல்லாமல் வேறு கம்பெனிக்கு மாறி 50 சதவீதம் போனஸோடு பாலிசி எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். – வாசகர், ராணிப்பேட்டை

எடுத்துத் தருவார். போனஸுக்குத் தகுதி உண்டு என்று கையெழுத்திடுவது நீங்கள். அந்த உறுதிமொழி தவறு என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன் முழுவதும் பறிபோகும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அடுத்த விபத்தில் புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்கும், அப்போது சேமித்த சில ஆயிரத்துக்காகப் பெரிய பில்லை நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

மூன்று மாதத்தில் காரை விற்கப் போகிறேன். பம்பர் கீறலுக்கு க்ளெய்ம் போட்டுப் புதிதாக்கி விற்கலாம் அல்லவா? – வாசகர், திருப்பத்தூர்

அடுத்து கார் வாங்கும் எண்ணம் இல்லை என்றால் தாராளமாக. போனஸ் காரோடு போவதில்லை, அது உங்களுடையது. புதுக் கார் வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள்: பழைய காரில் ஓன் டேமேஜ் 6,000 என்றால் புதிதில் அது 20,000 ஆக இருக்கலாம், அதில் 50 சதவீதம் என்பது முதல் வருடமே 10,000 ரூபாய். அப்படியானால் கீறலைக் கைக்காசில் சரிசெய்து விற்றுவிட்டு, விற்பனைப் படிவங்களின் நகலோடு கம்பெனியில் போனஸ் தக்கவைப்புக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் வாங்கும் காருக்கு அது செல்லும்.