இரண்டாம் கட்டில் ஒளித்த பாட்டில்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "ஊர்ப் பெயரைப் போட்டுவிடாதீர்கள் டாக்டர்" என்றுதான் தொடங்கின. ஒருவர் ஊர்ப் பெயரை எழுதிவிட்டு, பிறகு அதன் மேல் நான்கு முறை மையால் அடித்திருந்தார். சரி, போடவில்லை. எல்லாம் காரைக்குடியைச் சுற்றிய ஊர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் வீட்டின் முன்பகுதியான முகப்புக்குத் தெரியாமல், உள்பகுதியான இரண்டாம் கட்டிலேயே வைத்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற இந்த எண்ணத்தால் எத்தனை வருடங்கள் வீணாகின்றன என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அந்தக் கோபம் பதில்களில் எட்டிப்பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் தைப்பூசத்துக்கு மாலை போட்டால் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார். பழனியிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்றே ஆரம்பித்துவிடுவார். நினைத்தால் நிறுத்த முடிகிறது என்றால் அவர் அடிமை இல்லை என்றுதானே அர்த்தம்? என் நாத்தனார் அப்படித்தான் சொல்கிறார்.

நாத்தனார் கூடப்பிறந்தவரை விட்டுக்கொடுக்க மாட்டார். அது அவர் பாசம். ஆனால் நிறுத்த முடிகிறதா என்பது சரியான கேள்வி இல்லை. ஆரம்பித்தால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாமல் போகிறதா, முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போகிறதா, உடம்பும் தொழிலும் கெடுவது தெரிந்தும் தொடர்கிறதா? இவற்றுக்கு விடை ஆம் என்றால், வருடத்தில் 48 நாள் குடிக்காமல் இருப்பது அதை மாற்றிவிடாது.

மாலை எப்படி வேலை செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மாலை கழுத்தில் இருக்கும்வரை குடிப்பதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்க வேண்டியதில்லை. அந்தப் பாரத்தை முருகன் சுமக்கிறார். கூட்டாளிகள் "சாமி" என்று கூப்பிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். விடியற்காலைக் குளியல், இரு வேளைப் பூஜை, பஜனை, நடை என்று நாள் நிரம்பிவிடுகிறது. மீட்பு மையத்தில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான், கூடவே மருந்தும் பேச்சும் உண்டு. ஆகவே அவரைக் குத்திக்காட்டாதீர்கள். மாலை கழுத்தில் இருக்கும்போதே, தெளிவாக இருக்கும் அந்த நாட்களில் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். கழற்றும் நாளுக்கும் அதற்கடுத்த இரண்டு வாரங்களுக்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. காலையிலேயே கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் நிலையில் இருப்பவர்கள் மாலை போட்ட அன்றே அடியோடு நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், இருப்பவர்களை அடையாளம் தெரியாது. நம் பக்கத்தில் சன்னி என்பார்களே, அதுதான். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். குன்றக்குடியிலிருந்து நடந்து போன கூட்டத்தில் ஒருவருக்கு நத்தம் பக்கம் வலிப்பு வந்தது. உடன் வந்தவர்கள் விரதத்தில் ஏதோ குறை என்று விபூதி பூசிக்கொண்டே ஒரு மணி நேரத்தைப் போக்கிவிட்டார்கள். அவர் பிழைத்தார். இப்படி நேர்ந்தால் 108. மருத்துவமனையில் "இவர் தினமும் குடிப்பவர், நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது" என்று தயங்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் எனும் பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். அதைப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, ஞாபக சக்தி நிரந்தரமாகப் போகக்கூடும்.

ரசத்தில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் பொடி என்று ஒருவர் கொடுத்தார். அவருக்குத் தெரியாமல் இரண்டு வாரமாகக் கொடுக்கிறேன். நேற்று குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஒரே வாந்தி. மருந்து வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

வேலை செய்கிறது, அம்மா. இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்திருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் டைசல்ஃபிரம் என்ற மாத்திரைக்குப் பொருந்துகின்றன. மது உடம்பில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி, பிறகு அதுவும் சிதைந்து வெளியேறும். இந்த இரண்டாவது சிதைவை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. நச்சு தேங்கி, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு அது மரணம்.

இது கெட்ட மருந்து இல்லை. நோயாளி தெரிந்து சம்மதித்து, கல்லீரல் பரிசோதனை செய்து, மனைவி கண் முன்னால் தினமும் விழுங்கினால் பலருக்கு உதவியிருக்கிறது. தெரியாமல் கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் தாக்கம் இருக்கும் என்பதால் அவரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். திட்டுவார். திட்டட்டும். அரிஷ்டம் வகை மருந்துகளிலும் மது உண்டு என்பதால் இந்த இரண்டு வாரம் அவற்றையும் கொடுக்காதீர்கள்.

நான் பீர் மட்டும்தான் சாப்பிடுகிறேன், அதுவும் மூன்று பாட்டில். பிராந்தி தொடுவதில்லை. இதற்கெல்லாம் வைத்தியம் வேண்டுமா?

கணக்குப் போடுவோம். குவார்ட்டர் என்பது 180 மி.லி. 42.8 சதவீத மது என்றால் அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 650 மி.லி. பாட்டில் பீர் 8 சதவீத ரகம் என்றால் சுமார் 40 கிராம். மூன்று பாட்டிலுக்கு 120. அதாவது நீங்கள் தொடவே தொடாத பிராந்தியில் தினமும் இரண்டு குவார்ட்டர். கல்லீரல் லேபிளைப் படிப்பதில்லை.

என் தம்பியை ஒரு மீட்பு மையத்திலிருந்து இரவில் வேன் கொண்டுவந்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள். நாங்கள்தான் வரச் சொன்னோம். மூன்று மாதம் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது என்கிறார்கள். பணம் கட்டியாகிவிட்டது. செய்தது சரியா என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

உங்கள் தூக்கமின்மை சொல்வதுதான் சரி. போய்ப் பாருங்கள், நாளைக்கே.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பொருளால் வரும் மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. இத்தகைய சிகிச்சை தரும் இல்லங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சம்மதிக்காத ஒருவரைச் சேர்க்க முடியாது என்றில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தால், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, முதலில் 30 நாள் வரை வைத்திருக்கலாம். வேனில் வந்த நான்கு பேர் அந்த இருவர் அல்லர். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. நமக்கு அடுத்த மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று கட்டிப்போடப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். அவர்களையும் நல்ல எண்ணத்தோடுதான் வீட்டார் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

போனதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் எங்கே? மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார்? தம்பிக்கு என்னென்ன மருந்து எழுதியிருக்கிறார்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் அழைத்து வந்துவிடுங்கள். கட்டிய பணத்தை நினைக்காதீர்கள். ஆனால் நேராக வீட்டுக்கு வேண்டாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மதுரை ராஜாஜி மருத்துவமனையோ, மனநலப் பிரிவில் காட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரிலும் போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. அருகில் எது என்று 104இல் விசாரிக்கலாம். 14446 என்ற தேசியப் போதை மீட்பு எண்ணும் கட்டணமில்லாதது.

எல்லா மையங்களும் அப்படி என்று சொல்லிவிடாதீர்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயில் கணவரைப் பறிகொடுத்த மறு வருடம், 1980இல், குடிநோய் சிகிச்சைக்காக அவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடி என்பது ஒழுக்கக்கேடு, வெளியே சொல்லக் கூடாது என்று பெரிய குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது.

கல்யாணம் செய்துவைத்தால் பையன் திருந்திவிடுவான் என்று பங்காளிகள் சொல்கிறார்கள்.

மருந்துக்குப் பதிலாக யார் வீட்டுப் பெண்ணையோ எழுதித் தருகிறார்கள். வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும் மகன் முதலில் கஞ்சா, இப்போது வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். டாக்டரிடம் போனால் போலீசுக்குத் தகவல் போகுமா? வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணம் நின்றுவிடும்.

மருத்துவர் சொல்ல மாட்டார். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது சட்டப்படி அவர் கடமை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64அ என்ற பிரிவு உண்டு. போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்துக்கோ, சிறிய அளவில் வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர் மீது வழக்கைத் தொடர்வதிலிருந்து அது விலக்குத் தருகிறது. விற்றவனுக்கு அந்த விலக்கு இல்லை. சட்டம் உங்களைவிட உங்கள் மகனிடம் இரக்கமாக இருக்கிறது என்று எழுதவே வருத்தமாக இருக்கிறது.

மருத்துவ விஷயத்துக்கு வருவோம். டேபென்டடால் போன்ற அந்த மாத்திரைகள் அபின் குடும்பத்தின் வேலையைச் செய்பவை. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மாவுப்பொருட்களும் இருக்கும். அவை ரத்தக்குழாயில் ஏறினால் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியமும்கூட. நிறுத்தும்போது உடம்பு முறிப்பதுபோல் வலிக்கும், மூக்கு ஒழுகும், பேதியாகும். அதைத் தாங்க மருந்து இருக்கிறது. தேவைப்பட்டால் புப்ரினார்ஃபின் மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் பல மாதங்கள் தருவோம். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று அப்பாக்கள் கேட்பார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டிய நேரம், எல்லோரும் நிம்மதியடையும் நேரம்தான். சில வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. மையத்திலிருந்து வந்தவன் ஒருநாள் சறுக்கி, பழைய கணக்கிலேயே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். எழுப்பினால் எழாமல், உதடு நீலம் பாரித்து, குறட்டை போல் மூச்சு விட்டால், தூங்குகிறான் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள்.

கொல்லங்குடி காளி கோயிலில் அவர் பெயரைச் சொல்லிச் சாபமாகக் காசு வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது. அடிக்கிறார் டாக்டர்.

உங்கள் கோபத்தில் குற்றமில்லை. காளியிடம் முறையிடுங்கள், 181 என்ற மகளிர் உதவி எண்ணிலும் முறையிடுங்கள். குடி அவர் நோயாக இருக்கலாம், அடி வாங்குவது உங்கள் விதி இல்லை. அவர் சிகிச்சைக்கு வருகிறாரோ இல்லையோ, நீங்கள் வரலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன.

நான் கல்யாண சமையல் மேஸ்திரி. மையத்தில் இருந்து வந்து 45 நாள் ஆகிறது. பந்தி முடிந்ததும் வீட்டுக்காரர்கள் சம்பளத்தோடு ஒரு பாட்டிலையும் மரியாதையாகக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்களோ என்று இருக்கிறது.

மேஸ்திரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. சோதனை எங்கே வரும் என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் அடுப்படி வெக்கை, அரைத் தூக்கம், ஊருக்கே சமைத்துவிட்டு வெறும் வயிறு, அண்டா குண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒரு வெறுமை. அந்த அரை மணி நேரம்தான். ஆகவே பேச்சை முன்பணம் வாங்கும்போதே முடியுங்கள்: "பாட்டில் வழக்கம் எனக்கு வேண்டாம், அதையும் கூலியில் சேர்த்துவிடுங்கள்." செட்டிநாட்டில் கணக்காகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கடைசிப் பந்திக்கு முன் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். உதவியாளர்களில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும். இரவு தங்கும் வெளியூர் வேலைகளை முதல் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், வருமானம் குறைந்தாலும்.

ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. உங்கள் கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. காசு இல்லை, முழுப் பெயரும் கேட்க மாட்டார்கள். என்றாவது சறுக்கினால் மறுநாள் காலையே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு பானைச் சோறு அடிப்பிடித்தால் விருந்தையே நிறுத்துவீர்களா?

எனக்கு 71 வயது. அவுக போன பிறகு தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை, ஒன்பது வருடமாக. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். நான்கு கட்டு வீட்டில் நான் ஒருத்தி. அது பழக்கமாகிவிடும் என்று படித்துவிட்டு மூன்று நாளுக்கு முன் நிறுத்தினேன். படபடப்பு, கை நடுக்கம், கண் மூட முடியவில்லை. நானும் குடிகாரர்கள் மாதிரிதானா? அவமானமாக இருக்கிறது.

ஆச்சி, உடம்பு பழகியிருக்கிறது, அவ்வளவுதான். இதில் அவமானம் எதுவுமில்லை. முதல் சீட்டை எழுதிய மருத்துவர் ஒன்பது வருடத்தில் ஒரு முறையாவது உங்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் இதையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இன்றே மருத்துவரைப் பாருங்கள், பார்க்கும்வரை வழக்கமான அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைப்போம். அவசரம் இல்லை.

மாத்திரை மயக்கத்தில் இரவில் எழுந்து நடப்பதுதான் எனக்குக் கவலை. உங்கள் வீட்டு நிலைப்படிகளின் உயரம் எனக்குத் தெரியும். இடுப்பெலும்பு முறிந்தால் பட்டாலைக் கூடத்தில் கிடந்து கூப்பிட்டாலும் தெருவுக்குக் கேட்காது. வளவு முற்றத்துக்குப் பக்கத்து அறைக்குக் கட்டிலை மாற்றி, ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், நான்கு மணிக்குப் பிறகு காபி வேண்டாம். பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் மகன் தினமும் காலையில் ஒரு போன் செய்தால், அதற்காக எழுந்திருப்பதே பாதி வைத்தியம்.

மிச்சமிருக்கும் அட்டைகளை மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவரும் தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.