மச்சம், சுழி, ரேகை பார்த்து ஒருவரின் விதியையும் குணத்தையும் சொல்ல முடியுமா?

சாஸ்திரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பலிக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

உடல் அடையாளங்களை வைத்துப் பலன் சொல்லும் சாமுத்திரிகா லட்சணத்தை, சோதிட அறிஞர் வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டிலேயே 'பிருகத் சம்ஹிதை' என்ற நூலில் விரிவாக எழுதிவிட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அத்தியாயம். அதே நூலில் மாடு, குதிரை, யானை, ஏன், நாய்க்கும் லட்சணம் உண்டு. நம் மாட்டுச் சந்தையிலும் இன்றுவரை சுழி பார்க்காமல் பேரம் படியாது. பாடைச் சுழி, பெண்டிழந்தான் சுழி என்று தரகர் விரலை வைத்துவிட்டால் போதும், நல்ல காளைக்கும் விலை இறங்கிவிடும். பெண் பார்க்கும் இடத்திலும் இதே கண்தான். கால் கட்டை விரலைவிடப் பக்கத்து விரல் நீண்டிருந்தால் புருஷனை ஆட்டிவைப்பாளாம். என் அத்தை மகளுக்கு வந்த வரன் ஒன்று இதனாலேயே தட்டிப்போனது. மாப்பிள்ளை சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை!

வால்மீகியின் யுத்த காண்டத்தில் ஓர் இடம் உண்டு. நாகபாசத்தில் கட்டுண்டு கிடக்கும் ராம லட்சுமணரைப் புஷ்பக விமானத்திலிருந்து சீதைக்குக் காட்டுகிறார்கள். இறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறாள். பாதத்தில் தாமரை ரேகை, இடைவெளி இல்லாத பற்கள் என்று தன் லட்சணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'நான் விதவையாக மாட்டேன் என்றவர்கள் எல்லாம் பொய்யர்களாகிவிட்டார்களே' என்று அழுகிறாள். தேற்றுகிற அரக்கி திரிசடை, சீதையின் ரேகையை நம்பி ஆறுதல் சொல்லவில்லை. இருவர் முகத்திலும் களை போகவில்லை, தலைவனை இழந்த படை இப்படி நிற்காது என்று கண்ணெதிரே இருப்பதைக் காட்டுகிறாள். புஷ்பகம் விதவையைச் சுமக்காது என்றும் சேர்த்துக்கொள்கிறாள், அது வேறு விஷயம்.

சிலப்பதிகாரத்தில் நிமித்திகன் (குறி சொல்பவன்) ஒருவன், அண்ணன் செங்குட்டுவன் இருக்கும்போதே, இளங்கோவுக்கு 'அரசு வீற்றிருக்கும் திருப்பொறி', அதாவது அரசனாகும் அடையாளம், உண்டு என்கிறான். இளங்கோ அவனை முறைத்துப் பார்த்துவிட்டுத் துறவு பூண்டார். அரியணை ஏறவே இல்லை. அப்புறம் அவரை 'அந்தமில் இன்பத்து அரசாள் வேந்து' (முடிவில்லாத இன்ப அரசை ஆளும் வேந்தன்) என்று நூலே சொல்லிவிடுவதால், நிமித்திகன் சொன்னது பலித்தது என்றும் வாதாடலாம். இப்படி வளைக்க முடிகிற பலனை வைத்து யாருடைய குணத்தை எடைபோடுவது?

மச்சத்தில் கவனிக்க வேண்டியது வேறு. திடீரென்று பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.