கிட்டாருக்கு எந்த மரம்? வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே கம்பெனியின் இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார்கள் பார்த்தேன். ஒன்று மகோகனி, மற்றது ரோஸ்வுட். ரோஸ்வுட்டுக்கு விலை ரொம்ப அதிகம். சத்தத்திலும் அவ்வளவு வித்தியாசம் இருக்குமா?

பதில்: இருக்காது. நீங்கள் சொல்லும் மகோகனியும் ரோஸ்வுட்டும் (நம் ஈட்டி மரமும் இந்த இனம்தான்) பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் போடுகிற மரங்கள். சத்தத்தின் பெரும்பங்கு மேல்பலகையில் இருக்கிறது. தந்தியின் அதிர்வு சேடில் (தந்தி படிந்து நிற்கும் சின்னப் பட்டை) வழியாக பிரிட்ஜில் (அதைத் தாங்கி மேல்பலகையில் ஒட்டியிருக்கும் மரக்கட்டை) இறங்கி மேல்பலகையை ஆட்டுகிறது, அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. இதைக் காட்டவே ஸ்பெயினின் கிட்டார் தயாரிப்பாளர் அந்தோனியோ தெ டோரஸ் 1862-ல் பின்புறத்தையும் பக்கங்களையும் அட்டையால் செய்து, மேலே மட்டும் நல்ல பலகை வைத்து ஒரு கிட்டார் கட்டினார். 2018-ல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்விலும் இதே முடிவுதான். பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் மாறிய 6 கிட்டார்களை, எது எந்த மரம் என்று தெரியாமல் 52 பேர் வாசித்தார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பீட்டில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை.

பின்பலகைக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. ஈட்டி கனமான மரம், மகோகனி அதைவிட லேசு. கையில் எடுத்தாலே எடை தெரியும். ஆனால் கூடுதல் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், ஒட்டுப்பலகை (மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்தது) அல்லாத முழு மேல்பலகைக்குப் போடுங்கள்.

கேள்வி: முழுப் பலகையா, ஒட்டுப் பலகையா என்று கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சவுண்ட்ஹோல் (மேல்பலகையில் இருக்கும் வட்டத் துளை) விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் ரேகைகள் விளிம்பில் மடிந்து பலகையின் கனம் முழுக்க அப்படியே கீழே இறங்கினால் அது முழுப் பலகை. நடுவில் வேறு நிறத்தில் ஒரு அடுக்கு குறுக்கே ஓடினால் ஒட்டு. விளிம்பில் கறுப்பு பெயிண்ட் பூசியிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. ஒட்டுப்பலகை மட்டம் என்று ஒதுக்கவும் வேண்டாம். அடுக்குகளின் ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போவதால் அது எளிதில் வெடிக்காது. அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

கேள்வி: மேல்பலகைக்கு எந்த மரம், ஸ்ப்ரூஸா, சீடாரா?

பதில்: உங்கள் கையைப் பொறுத்தது. சீடார் மென்மையானது, விரலால் மெதுவாகத் தொட்டாலே பேசும். ஆனால் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து ஓங்கி அடித்தால் ஒரு அளவுக்கு மேல் சத்தம் ஏறாது. நகம் பட்டாலே தடம் விழும். ஸ்ப்ரூஸ் எடைக்கு மீறிய விறைப்பு உள்ள மரம், ஓங்கி அடித்தாலும் தாங்கும்.

கேள்வி: வாங்கி இரண்டு வருஷம். பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகையில் மெல்லிய கீறல். கழுத்தில் கை ஓட்டினால் ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனைகள் குத்துகின்றன. மரம் மட்டமா?

பதில்: மரத்தைக் குறை சொல்லாதீர்கள், கிட்டார் காய்ந்துவிட்டது. நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுக்கும் காரணம் ஒன்றே. மரம் ரேகையின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். கழுத்தின் மேல் ஒட்டிய விரல்பலகை அகலத்தில் குறுகியது, உலோக ஃப்ரெட் அப்படியே நின்றது, முனை வெளியே வந்துவிட்டது. மேல்பலகையும் குறுகப் பார்த்தது. ஆனால் உள்ளே குறுக்கே ஒட்டிய பிரேஸ்கள் (தாங்கு சட்டங்கள்) விடவில்லை, அதனால் ரேகையோடு பிளந்தது.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்காக நிறுத்துங்கள். நல்ல நிலையில் பலகை நடுவில் லேசாக மேடாக இருக்கும், ஸ்கேல் இருபுறமும் ஆடும். நடுவில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது. கிட்டாரை கேஸில் வைத்து, உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டரும் ஈரப்பதப் பொட்டலமும் போட்டு, 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இரண்டு வாரம் விடுங்கள். ஈரப் பஞ்சு வைப்பதானால் சொட்டாமல் பிழிந்து, துளையிட்ட டப்பாவில் வையுங்கள், மரத்தில் படவே கூடாது. அவசரப்பட்டு ஒரே நாளில் ஈரம் ஏற்றினால் வேறு இடம் கோணும். கீறல் தானாக மூடி வந்த பிறகு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒட்டி, உள்பக்கம் சின்ன மரத்துண்டுகள் வைக்கச் சொல்லுங்கள். திறந்த கீறலில் நீங்களே சூப்பர் க்ளூ விட்டால் அது திறந்த நிலையிலேயே இறுகிவிடும். ஃப்ரெட் முனைகளையும் இப்போது அராவ வேண்டாம். ஈரம் திரும்பினால் பாதி தானாகவே உள்ளே போகும்.

கேள்வி: விரல்பலகைக்கு எண்ணெய் தேவையா?

பதில்: ரோஸ்வுட், கருங்காலி என்றால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, துணியில் சில சொட்டு தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள். வார்னிஷ் போட்ட மேப்பிளுக்கு வேண்டாம். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் கிட்டாரை விடாதீர்கள். சூட்டில் பசை இளகினால், தந்திகளின் மொத்த இழுவிசை, ஏறத்தாழ 70 கிலோ, பிரிட்ஜைப் பெயர்த்துவிடும்.