இலவச மரத்தூளும் நாறும் குளம்பும்

கேள்வி: ஐயா, குதிரைச் சவாரிப் பள்ளி ஒன்றில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் ஒன்பது வயதுக் குதிரை ஒன்று இருக்கிறது. 2024இல் சிங்கப்பூரின் கிராஞ்சியில் குதிரைப் பந்தயம் நின்ற பிறகு எங்களிடம் வந்தது. எடை 500 கிலோ இருக்கும். ஒரு மாதமாக முன்னங்குளம்பு இரண்டிலும் கறுப்பாகக் கசிகிறது, அழுகல் நாற்றம் வேறு. 45 வெள்ளி மருந்து இரண்டு புட்டி தீர்ந்தும் பலனில்லை. இப்போது சுத்தம் செய்யப் போனால் காலை இழுத்துக்கொள்கிறது. பழைய என்ஜின் ஆயில் தடவினால் சரியாகிவிடும் என்கிறார் கூட வேலை செய்பவர். தடவலாமா? செலவைக் குறைக்க, லாயத்தில் படுக்கையாகப் போடும் மரச்சீவலை நிறுத்திவிட்டு, சுங்கை காடுட்டில் அறைகலன் பட்டறையில் சும்மா கிடைக்கும் மரத்தூளை இரண்டு மாதமாகப் போடுகிறோம். வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டக் கொடுக்கும் எலக்ட்ரோலைட் டப்பாவுக்கும் வீட்டு முறை ஏதாவது உண்டா?

பதில்: தம்பி, என்ஜின் ஆயிலைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் குதிரைக்கு வந்திருப்பது திரஷ், அதாவது குளம்பின் அடிப்பிளவு அழுகும் நோய். அதை உண்டாக்கும் கிருமிகள் காற்றுப் புகாத இடத்தில்தான் பெருகும். எண்ணெய் தடவினால் அந்தப் பிளவை நீங்களே மூடி போட்டு அடைத்துக் கொடுத்தது போலாகும். பழைய ஆயிலில் இருக்கும் உலோகக் கழிவு புண்ணில் இறங்குவது அதற்கு மேல்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இரண்டு புட்டி ஊற்றியும் ஏன் ஆறவில்லை? விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மரத்தூள் போட்டு இரண்டு மாதம், கசிவு தொடங்கி ஒரு மாதம். சீவல் ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டு மேலே ஓரளவு உலர்ந்தே இருக்கும். பொடித்தூளோ சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சேறாகும், குளம்பின் பிளவுக்குள் போய்க் கெட்டித்து நிற்கும். அறைகலன் பட்டறைத் தூளில் ஒட்டுப்பலகைப் பசையும் மருந்தடித்த மரமும் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்கும் கெடுதல். இன்றே நிறுத்துங்கள். சீவலில் மிச்சம் பிடித்த காசைத்தான் நீங்கள் புட்டி மருந்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்தத் தீவில் காற்றின் ஈரப்பதமே சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். 500 கிலோ குதிரை ஒரு நாளில் பத்து லிட்டர் அளவுக்குச் சிறுநீர் விடும். அதில் கிளம்பும் அம்மோனியா குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் ஃபிராக்கை மெல்ல மெல்லக் கரைக்கும். லாயத்தில் குனிந்து, மூக்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண் எரிந்தால் படுக்கை தோற்றுவிட்டது. நின்றபடி மோந்து பார்த்து ‘வாடை இல்லை’ என்று சொல்வதில் பயனில்லை, குதிரை படுத்தால் அதன் மூக்கு இருக்கும் இடம் அதுதான்.

சிக்கனம் படுக்கையின் தடிப்பைக் குறைப்பதில் வராது, நல்ல சீவலை வீசி எறியாமல் இருப்பதில்தான் வரும். கவட்டியில் அள்ளிய சாணத்தைச் சுவரோரம் சரித்து எறியுங்கள். உருண்டைகள் கீழே உருண்டுவிடும், உலர்ந்த சீவல் சுவரடியில் தங்கும். சிறுநீர் விழும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான். அதைக் காலையில் தரை தெரியும்வரை சுரண்டி எடுத்து, அரை மணி நேரம் காயவிடுங்கள். பிறகு சுவரோரக் கரையிலுள்ள பழைய உலர்ந்த சீவலை அங்கே இழுத்துப் போட்டு, புதுச் சீவலைக் கரையில் சேருங்கள். புதியதை நேரே ஈர இடத்தில் கொட்டுவதுதான் பெரிய விரயம். தடிப்பு ஐந்து அங்குலமாவது இருக்கட்டும். சாணத்தைப் பகலில் மூன்று நான்கு முறை அள்ளுங்கள். ரப்பர் பாய் இருந்தால் வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவி, அடித்தரை காய்ந்த பிறகே விரியுங்கள். வாடைக்காகச் சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள். நீறிய சுண்ணாம்பு தோலையும் குளம்பையும் அரிக்கும், வேண்டாம்.

இனி மருத்துவம். காலை இழுத்துக்கொள்கிறது என்கிறீர்களே, பிளவு உயிருள்ள சதைவரை போயிருக்கலாம். நல்ல ஃபிராக்கின் நடுப்பிளவு பெருவிரல் பதித்தது போல ஆழமற்ற குழியாக இருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை மெல்ல விட்டுப் பாருங்கள். பஞ்சுத்தலை முழுதும் உள்ளே மறைந்தாலோ, இரத்தம் வந்தாலோ, கணுக்காலில் வீக்கமோ சூடோ நொண்டலோ இருந்தாலோ, அன்றே கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். அழுகிய துண்டுகளை நீங்கள் கத்தியால் வெட்டாதீர்கள், லாடம் அடிப்பவர் செய்யட்டும்.

லேசான நிலைக்கு வீட்டு மருந்து போதும். குளம்புக் கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கி இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் ‘தே ஓ’ (பால் சேர்க்காத தேநீர்) நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றுங்கள். காஸ் துணியைப் பட்டையாகக் கிழித்துப் பிளவுக்குள் முன்னும் பின்னும் இழுங்கள். அழுக்கு வருவது நின்றதும் புதுப்பட்டையால் உலர்த்துங்கள். பிறகு இரண்டு பங்கு வெள்ளைச் சீனியும் ஒரு பங்கு 10 விழுக்காட்டு போவிடோன் அயோடினும் கெட்டித் தேன் பதத்தில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே விட்டு, பஞ்சால் தளர்வாக அடையுங்கள். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். குளோரின் திரவம், ஃபார்மலின், மயில்துத்தம் மூன்றும் கிருமியோடு சேர்த்து உயிர்ச்சதையையும் பொசுக்கும். அந்த எரிச்சலை ஒருமுறை பட்ட குதிரை பிறகு கால் கொடுக்கவே யோசிக்கும்.

கடைக்காரர் அடுத்து குளம்பு எண்ணெய் வாங்கச் சொல்வார். பாலைவனக் காற்றில் வறண்டு வெடிக்கும் குளம்புக்கு அது உதவலாம். நம்மூரில் ஈரத்தை உள்ளே பூட்டும் வேலையைத்தான் செய்யும். பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் லாடம் அடிப்பவரை ஐந்து வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் அழையுங்கள். வேலை முடிந்ததும் கால்களைக் கழுவினால் உடனே துவட்டுங்கள், ஈரக்காலோடு கொட்டடியில் விடாதீர்கள். நொண்டல் இல்லையென்றால் காலை, மாலை இருபது நிமிடம் உலர்ந்த, கெட்டியான பாதையில் நடத்துங்கள். ஃபிராக் தரையில் அழுந்தினால்தான் இரத்தம் ஓடும், பிளவும் தானே துப்புரவாகும். செலவு உங்கள் நேரம் மட்டும்.

எலக்ட்ரோலைட் டப்பாவின் பின்புறம் படியுங்கள். முதலில் சீனியோ குளுக்கோஸோ இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். உங்கள் குதிரைக்குத் தினம் இரண்டு மேசைக்கரண்டி சமையல் உப்பு போதும், நனைத்த தீவனத்தில் கலந்து கொடுங்கள். நன்றாக வியர்த்த நாளில் இன்னும் இரண்டு கரண்டி: இரண்டு பங்கு சாதா உப்பு, ஒரு பங்கு பேரங்காடியில் விற்கும் பொட்டாசியம் கலந்த குறைந்த சோடிய உப்பு. இருக்கும் ஒரே வாளித் தண்ணீரில் உப்பைக் கரைக்காதீர்கள். சுவை பிடிக்காமல் குடிப்பதை நிறுத்தினால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

முடிக்கும் முன் ஒரு கேள்வி உங்களிடம்: டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? குளம்புப் புண் வழியே அது எளிதாக ஏறும், குதிரைக்கு வந்தால் பிழைப்பது கடினம். ஏட்டில் தேதி இல்லையென்றால் மருத்துவர் குளம்பைப் பார்க்க வரும் அதே நாளில் போட்டுவிடச் சொல்லுங்கள்.