ஒரே வீட்டை இரண்டு கான்ட்ராக்டரிடம் கட்டியவன் சொல்கிறேன்

வீடு கட்டப் போகிறோம், நம்பிக்கையான கான்ட்ராக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது, ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு கான்ட்ராக்டர் வைத்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். முதல் ஆள் தளம் (மேற்கூரைக் காங்கிரீட்) போட்டதோடு சரி. மீதியை இரண்டாமவர் முடித்துக் கொடுத்தார்.

முதல் ஆளை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் அவரைத்தான் பிடித்திருப்பீர்கள். தன்மையான பேச்சு. இரண்டாவது மணியிலேயே போனை எடுப்பார். கட்டி முடித்த மூன்று வீடுகளைக் காட்டினார், மூன்றும் பளபளவென்று இருந்தன. நான் வாங்கிய கொட்டேஷன்களில் அவருடையதுதான் குறைவு. பணம் கொடுக்க வேண்டிய கட்டங்களையும் அவரே எழுதிக்கொண்டு வந்தார்: கையெழுத்துப் போடும்போது 20 சதவீதம், பேஸ்மென்ட் (தரை மட்டம் வரைக்குமான அடித்தளம்) முடிந்ததும் 20, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் காங்கிரீட் பட்டை) மட்டத்தில் 25, தளம் போடும்போது 25, சாவி கொடுக்கும்போது மீதி 10. நியாயமாகத்தானே தெரிகிறது? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

கூட்டிப் பாருங்கள். தளம் போட்ட அன்று 90 சதவீதப் பணம் என் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் தளம் வரைக்குமான வேலை, ஒரு வீட்டின் மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதிதான். பூச்சு, வயரிங், பிளம்பிங், தரை, கதவு, ஜன்னல், பெயின்ட் என்று இன்னொரு பாதி அப்படியே நிற்கும். ஆக, அன்றைக்கு அவர் முன்னால் இருந்தது இரண்டு வழி. மிச்சமுள்ள 10 சதவீதப் பணத்துக்குப் பாதி வீட்டைக் கட்டித் தருவது ஒன்று. போனை எடுக்காமல் இருப்பது இன்னொன்று.

அவர் உடனே ஓடிவிடவில்லை. கொஞ்ச நாள் ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் மட்டும் வந்து ஒரே சுவரைப் பூசிக்கொண்டிருந்தார்கள். வேலை நடக்கிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். தளம் போடுவதற்கு முன்பே ஒரு முறை, கம்பி விலை ஏறப் போகிறது, இப்போதே வாங்கிப் போட்டுவிடலாம் என்று அடுத்த கட்டப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியிருந்தார். கொடுத்தது நான்தான், யாரைக் குறை சொல்ல? பிறகு அந்தக் கொத்தனாரே சொன்னார்: என் பணம் வேறொருவர் வீட்டு டைல்ஸாகப் போய்விட்டதாம். அடுத்து பிடிக்கிற வீட்டு அட்வான்ஸை வைத்து என் வீட்டை முடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த அடுத்த வீடு அமையவில்லை. அதனால் ஏமாற்றவே வந்தார் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் நஷ்டம் நஷ்டம்தான். வெளியில் இருந்து ஒரு இன்ஜினியரை வைத்து அளந்தபோது, நடந்த வேலையின் மதிப்பு 55 சதவீதத்தைத் தாண்டவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஆளைப் பார்ப்பதற்கு முன் பணம் போகிற வழியைப் பாருங்கள். எந்த நாளில் அவர் வேலையை நிறுத்தினாலும் அவர் கையில் இருக்கும் உங்கள் பணத்தைவிட, நடந்து முடிந்த வேலை கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை நான் அட்வான்ஸ் 5 சதவீதத்துக்கு மேல் தரவில்லை. மிச்ச வேலையைப் பதினான்கு சின்னக் கட்டங்களாகப் பிரித்தோம். உள்பூச்சு முடிந்தால் ஒன்று, வயரிங் குழாய் பதித்து முடித்தால் ஒன்று, இப்படி. 'ஆரம்பித்ததும்' என்ற சொல்லே ஒப்பந்தத்தில் கிடையாது, எல்லாம் 'முடிந்ததும்'தான். பெரிய மெட்டீரியல் எல்லாம் என் சைட்டில் இறங்கிய பிறகு, நானே வியாபாரிக்கு நேராகப் பணம் அனுப்பினேன். இதில் இன்னொரு வசதி உண்டு. கான்ட்ராக்டர் உங்கள் பெயரைச் சொல்லிக் கடனுக்குச் சிமென்ட் எடுத்துவிட்டு, கடைக்காரர் உங்கள் வாசலில் வந்து நிற்கும் வம்பு வராது.

சரி, ஆளை எப்படிப் பார்ப்பது? கட்டி முடித்த வீட்டைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். இப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் சைட்டைப் பாருங்கள், அதுவும் சொல்லாமல் போய். இரண்டாமவரை நான் பிடித்ததே அப்படித்தான். அவருடைய ஒரு சைட்டுக்கு, அங்கே தளம் போட்ட மூன்றாம் நாள் போனேன். மேலே ஏறிப் பார்த்தால் சிமென்ட் கலவையால் பாத்தி கட்டி, தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. புதுக் காங்கிரீட் பலம் பிடிக்க அப்படி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கீழே சிமென்ட் மூட்டைகள் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கியிருந்தன. அடுத்த தூணுக்குக் கட்டி நிறுத்தியிருந்த கம்பிக் கூட்டில் கவர் பிளாக் வைத்திருந்தார்கள். இந்தச் சின்னக் கட்டைகள் இல்லாவிட்டால் கம்பி பலகையில் போய் ஒட்டிக்கொள்ளும், மேலே போதுமான காங்கிரீட் மூடாது, சில வருடங்களில் துருப்பிடித்து வெடிப்பு விடும். மிகவும் மலிவான பொருள். அதில் மிச்சம் பிடிக்கிறவர் வேறு எதில்தான் மிச்சம் பிடிக்க மாட்டார்?

அங்கே இருந்த கொத்தனாரிடம் பேச்சுக் கொடுத்தேன், வாரச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று. கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது என்பேன். ஆளுக்குச் சம்பளம் பாக்கி வைக்கிற கான்ட்ராக்டரிடம் பணம் சுழலவில்லை என்று அர்த்தம், அடுத்து சுழலப் போவது உங்கள் பணம். பழைய வாடிக்கையாளர்களிடமும் 'நன்றாகக் கட்டினாரா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். முதலில் சொன்ன தொகை என்ன, கடைசியில் ஆனது என்ன, குடி வந்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா என்று கேளுங்கள். அவர் கொடுக்கும் போன் நம்பர்களை விட்டுவிட்டு நீங்களே தேடிப் பிடித்த ஆளிடம் கேட்டால் இன்னும் நல்லது.

கொட்டேஷனில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு எண் இருக்கும். எதன் சதுர அடி? போர்டிகோ, மாடிப்படி, பால்கனி எல்லாம் சேர்த்தா? தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் உள்ளே வருமா, தனியா? குறைந்த கொட்டேஷன் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் 'தரமான டைல்ஸ்', 'நல்ல கம்பெனி ஸ்விட்ச்' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அந்தச் சொற்களுக்கு ஒரு பொருளும் கிடையாது. கம்பெனி, ரகம், அளவு, இவ்வளவு விலை வரைக்கும் என்று எழுத வையுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் ஆரம்பிப்பதற்கு முன்பே விலை பேசி, எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து. வேலை இத்தனை நாளுக்கு மேல் நின்றால், நடந்ததை அளந்து கணக்கு முடித்துக்கொண்டு வேறு ஆளை வைக்கலாம் என்று ஒரு வரியும் வேண்டும். என் முதல் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாததால் மாதக்கணக்கில் அலைந்தேன்.

கம்பி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சோதிக்க இன்ஜினியர் தேவையில்லை. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 889 கிராம். முதல் ஆள் போன பிறகு சைட்டில் கிடந்த வெட்டுத் துண்டுகளில் சரியாக ஒரு மீட்டரை அளந்து வெட்டி, வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன். நேராக நிற்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஆடியது. முள் நின்றது 800 கிராமில். ஆலையிலிருந்து வரும்போதே சில சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் பத்து சதவீதம் குறைந்தால் அது நல்ல கம்பி அல்ல. பில்லில் 12 மி.மீ. என்றுதான் இருந்தது. இந்தச் சோதனையைக் கம்பி இறங்கிய அன்றைக்கே செய்திருக்க வேண்டியவன் நான்.

காங்கிரீட்டுக்கு இவ்வளவு சுலபமான வழி இல்லை. கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள், பலம் குறைந்துகொண்டே போகும். போடும் அன்று 15 செ.மீ. கட்டைகளாக வார்த்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் சோதனைக் கூடத்தில் உடைத்துப் பார்ப்பது வழக்கம். 'க்யூப் டெஸ்ட் எடுக்கலாமா' என்று முதல் சந்திப்பிலேயே சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். 'எடுக்கலாமே' என்பவர் ஒரு ரகம். 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்பவர் இன்னொரு ரகம். கம்பி கட்டி முடித்து, காங்கிரீட் போடும் முன் பார்க்க கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத இன்ஜினியர் ஒருவரை வையுங்கள், சம்பளம் நீங்கள் கொடுங்கள். மூடிய பிறகு யாராலும் எதையும் பார்க்க முடியாது.

இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி, முழுக்க ரொக்கம்தான், அனுமதி எல்லாம் தேவையில்லை நான் பார்த்துக்கொள்கிறேன், பக்கத்துத் தெரு வேலையில் மிஞ்சிய சரக்கு இருக்கிறது பாதி விலையில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் மேலே பேசவே வேண்டாம்.

இரண்டாமவரிடம் பேசியபோது ஒன்று நடந்தது. என் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார்: "முதல் ஆள் ஏன் சார் போனார்? நீங்கள் பணம் கொடுத்த விவரம் இருக்கிறதா?" எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தால் நியாயம்தான். பாக்கி வைத்து இழுத்தடிக்கிற வீட்டுக்காரர்களும் உண்டு, பூசி முடித்த பிறகு சுவரை மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. வங்கிக் கணக்கைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கொட்டேஷனே கொடுத்தார்.

அவரிடம் மொத்தத்தில் 5 சதவீதத்தை ஒரு வருடம் நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். பதினோராம் மாதம் குளியலறைக்கு வெளிச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்தது. போன் செய்தேன், மறுநாள் காலை பிளம்பரோடு வந்துவிட்டார். நான்கு டைல்ஸைப் பெயர்த்தார்கள், உள்ளே ஒரு எல்போ ஜாயின்ட் கசிந்துகொண்டிருந்தது. மாற்றிவிட்டு, அதே நிற டைல்ஸ் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றார். ஒன்பதாம் நாள் ஒட்டினார்கள். வருடம் முடிந்ததும் அந்த 5 சதவீதத்தை அனுப்பிவைத்தேன்.